மேகக் கணிமை பழைய மெயின்பிரேமின் மறுவடிவம்தானா?

பெரும்பாலும் ஆம். மெயின்பிரேம் என்பது பலர் பங்கிட்ட பெரிய மையக் கணினி. மேகக் கணிமை என்பது தொலைவிலுள்ள கணினிகளை இணையம் வழியே பயன்படுத்துவது. கணினி வேலை நடுவிடத்துக்கும் நம் கைக்கும் இடையே மாறி மாறிப் போய்வருகிறது. எது மலிவு என்பதே திசையைத் தீர்மானிக்கிறது.

1961இல் எம்.ஐ.டி.யில் சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு முறையைச் செய்துகாட்டினார்கள். இயந்திரம் யானை விலை. அதனால் ஒன்றையே பலர் பங்கிட்டார்கள். கணினியின் மூளையான நுண்செயலிச் சில்லு மலிவானதும் கணினி மேசைக்கு வந்தது: 1977இல் ஆப்பிள் 2, 1981இல் ஐபிஎம் பிசி. இணையம் வேகம் பிடித்ததும் வேலை மறுபடி தொலைவுக்குப் போனது. தொலைவில் தரவைச் சேமிக்க எஸ்3, கணினியை வாடகைக்கு எடுக்க ஈசி2 என்ற சேவைகளை அமேசான் 2006இல் தொடங்கியது.

இதைவிட என்னை வியக்கவைப்பது 1968இல் கணினி ஆய்வாளர்கள் மையரும் ஐவன் சதர்லேண்டும் எழுதிய கட்டுரை. திரையில் படம் வரையத் தனிச் செயலி வைக்கிறோம். வசதிகளைச் சேர்க்கச் சேர்க்க அதுவே முழுக் கணினியாகிவிடுகிறது. பிறகு அதற்கே ஒரு துணைச் செயலி தேவைப்படுகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் மறுபிறவிச் சக்கரம். படம் வரையப் பிறந்த ஜிபியு என்ற செயலி இன்று செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளைச் சுமப்பதைப் பாருங்கள்!

இந்தப் போக்குவரத்தை என் வேலையிலும் பார்த்தேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது கணக்கெழுதும் எழுத்தர். செக்ரோல் என்ற தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு தடித்த புத்தகத்திலிருந்து மேசைக் கணினிக்கு வந்தது. பிறகு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மரத்தடியில் நின்று குலைக் கணக்கைக் கைத்தொலைபேசியில் தட்ட, அது நேரே தொலைதூரச் சர்வருக்குப் போனது. ஒரு மழைநாளில் இணைப்பு அறுந்து, சம்பளக் கணக்கு அரைநாள் நின்றுவிட்டது. இப்போது கணக்கு முதலில் தொலைபேசியிலேயே பதிகிறது. இணைப்பு கிடைத்த பின்பே சர்வருக்குப் போகிறது.