தீக்காயத் தழும்புக்குத் தைலம் தடவலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லைன் வீட்டில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. போன கார்த்திகையில், குளிக்க வைத்திருந்த சுடுதண்ணீர் அவள் வலது முன்கையில் கொட்டிவிட்டது. புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆறு மாதம் கழித்து இப்போது அந்த இடம் சிவந்து, கயிறு கயிறாகத் தடித்து, ராத்திரியில் அரிக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா நீலகிரித் தைலம் தேய்க்கச் சொல்கிறார். ஊட்டியில் ஒரு கடையில் விண்டர்கிரீன் தைலம் கொடுத்தார்கள். துபாயில் இருக்கும் தம்பி பயோ ஆயில் அனுப்பியிருக்கிறான். இன்னொருவர் வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவச் சொன்னார். எதைத் தடவினால் தழும்பு மறையும்? என் காலிலும் கவாத்துக் கத்தி பட்ட பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. அதற்கும் ஏதாவது வழி உண்டா?

பதில்: முதல் வேலையாக அந்த விண்டர்கிரீன் புட்டியை மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

விண்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுக்க முழுக்க மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரின் மாத்திரைக்கு நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். வாசனையோ மிட்டாய் மாதிரி. சின்னப் பிள்ளை ஒரு வாய் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. தோல் வழியாகவும் இது உள்ளே போகும். புதிதாக மூடிய மெல்லிய தோலில் தடவித் துணியும் சுற்றிவிட்டால் இன்னும் அதிகமாகப் போகும். தோட்ட வேலை முடித்து வந்த பெரியவர்கள் இடுப்புவலிக்கு அளவாகத் தேய்த்துக்கொள்ளட்டும். குழந்தையின் தழும்புக்கு வேண்டவே வேண்டாம்.

நீலகிரித் தைலமும் அப்படித்தான். மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்க அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் பிரதானமாக இருக்கும் சினியோல் என்ற பொருள் தோலை எரிச்சல்படுத்தும். தடவியதும் ஜில்லென்று இருப்பதால் 'வேலை செய்கிறது' என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் அரிப்பு திரும்பி வரும், பிள்ளை சொறிவாள், மெல்லிய தோல் கிழியும், மறுபடி புண். புண்ணான இடம் இன்னும் தடிக்கும். இதையும் குழந்தைகள் குடித்துவிட்டு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போவது உண்டு. லெமன்கிராஸ், ஜெரேனியம், கற்பூரத் தைலம் என்று நம் மலைக் கடைகளில் வரிசையாக நிற்கும் மற்ற புட்டிகளுக்கும் இதே பதில்தான். மணக்கும் தைலம் எதுவும் தழும்பைக் கரைக்காது.

சரி, அந்தக் கையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூன்று வாரத்துக்குள் ஆறும் தீக்காயம் பெரும்பாலும் நிறமாற்றத்தோடு நின்றுவிடும். அதைத் தாண்டி இழுத்தால் தடித்த தழும்பாகும் வாய்ப்பு அதிகம். உங்கள் மகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. உடம்பு அவசரமாகப் பள்ளத்தை நிரப்பும்போது கொலாஜன் என்ற நாரை அளவுக்கு மீறிக் கொட்டிவிடுகிறது. அந்த நார்கள் ஒழுங்கில்லாமல் கட்டுக்கட்டாகக் கிடப்பதுதான் நீங்கள் சொல்லும் 'கயிறு'. உள்ளே புது ரத்தக் குழாய்கள் நிறைய இருப்பதால் சிவப்பு. அரிப்பும் இதோடு சேர்ந்ததே.

இந்தச் சிவப்பையும் அரிப்பையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். தழும்பு இன்னும் முற்றவில்லை என்று அர்த்தம். ஒரு தழும்பு அடங்கி முடிய ஒன்றரை வருடம், சில சமயம் இரண்டு வருடம் ஆகும். அதுவரை அதை நம் பக்கம் திருப்ப முடியும். நீங்கள் ஆறாவது மாதத்தில் கேட்கிறீர்கள், நல்ல நேரம்.

ஒன்றை மட்டும் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். தடிப்பு, பழைய புண்ணின் எல்லைக்குள்ளேயே இருக்கிறதா? அப்படியானால் அது தடித்த தழும்பு. காலப்போக்கில் தானாகவும் ஓரளவு தணியும். எல்லையைத் தாண்டி, காயமே படாத நல்ல தோலுக்குள்ளும் நண்டுக்கால் மாதிரி ஊர்ந்து போகிறதென்றால் அது கீலாய்டு. காது குத்திய இடத்தில் சிலருக்கு உருண்டையாக வளருமே, அந்த ரகம். அது தானாக அடங்காது. தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வெறுமனே வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வளரக்கூடும்.

இனி நீங்கள் கேட்ட எண்ணெய்கள். தழும்பை 'மறைய' வைக்கும் எண்ணெயோ கிரீமோ கிடையாது. தட்டையாக்கலாம், மெதுவாக்கலாம், சிவப்பையும் அரிப்பையும் குறைக்கலாம். பயோ ஆயிலில் பெரும்பகுதி மினரல் ஆயில், கூடவே வைட்டமின் ஏ, ஈ, லாவண்டர் மாதிரி சில மூலிகை எண்ணெய்கள். வறண்ட தோலுக்கு ஈரப்பதம் தரும். வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாத தோல்களும் உண்டு என்பதால், முதலில் முழங்கைக்கு மேலே நல்ல தோலில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். தம்பி ஆசையாக அனுப்பியதை வீணாக்க வேண்டாம். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

வைட்டமின் ஈ மாத்திரையை விட்டுவிடுங்கள். 1999-ல் அமெரிக்காவின் மயாமியில் அறுவைசிகிச்சைத் தழும்பு உள்ள 15 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரே தழும்பின் பாதியில் வெறும் களிம்பு, மறுபாதியில் வைட்டமின் ஈ கலந்த களிம்பு. பெரும்பாலானவர்களுக்கு வைட்டமின் ஈ தடவிய பாதியில் பலன் தெரியவில்லை, அல்லது பார்க்க இன்னும் மோசமாக இருந்தது. மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்பே வந்துவிட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் வைட்டமின் ஈ-க்கு ஆதரவாக இதைத் தள்ளிவைக்கும் அளவுக்கு எதையும் நான் பார்த்ததில்லை. வெங்காயச் சாறு சேர்த்த ஜெல்லும் மருந்துக்கடையில் கிடைக்கும். அந்த விலைக்கு அது சாதா வாசலினைவிடப் பெரிதாகச் செய்துவிடுவதில்லை. எலுமிச்சைச் சாறு கூடவே கூடாது. தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும்.

அப்படியென்றால் எதைத் தேய்ப்பது? வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதும். எதைத் தடவுகிறோம் என்பதைவிட எப்படித் தேய்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மகளை எதிரில் உட்கார வைத்து, கையைத் தலையணை மேல் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். மொச்சைக் கொட்டை அளவு எண்ணெய் எடுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் அது பெரும்பாலும் கட்டியாகத்தான் இருக்கும். அடுப்பில் காட்ட வேண்டாம், இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தேய்த்தால் உருகிவிடும். உங்கள் கையும் சூடாகியிருக்கும், பிள்ளை சிணுங்கமாட்டாள். பெருவிரல் நுனியைத் தழும்பின் மேல் வைத்து, உங்கள் நகத்தின் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்துங்கள். இப்போது விரல் தோலின் மேல் வழுக்கி ஓடக் கூடாது. தோலே விரலோடு சேர்ந்து, அடியில் இருக்கும் சதையின் மேல் நகர வேண்டும். எண்ணெய் அதிகமானால் விரல் வழுக்கிவிடும், அதனால்தான் கொஞ்சம் போதும் என்கிறேன். வட்டமாக, நீளவாக்கில், குறுக்கே என்று மாற்றி மாற்றி ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. முதல் இரண்டு வாரம் லேசாகச் செய்து, பிறகு அழுத்தத்தைக் கூட்டலாம். கொப்புளமோ வெடிப்போ வந்தால், அது ஆறும்வரை நிறுத்துங்கள்.

இதனால் அரிப்பும் விறைப்பும்தான் முதலில் குறையும். உயரம் குறைவதற்கு மசாஜ் மட்டும் போதாது. அதற்கு சிலிக்கான்.

மருந்துக்கடையில் சிலிக்கான் ஷீட், சிலிக்கான் ஜெல் என்று இரண்டு வடிவத்தில் கிடைக்கும். தடித்த தழும்புக்கு மருத்துவர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். தோலிலிருந்து ஈரம் ஆவியாகிப் போவதை இது தடுக்கிறது. மேல்தோல் வறளாமல் இருந்தால் அடியில் நார் உற்பத்தியும் தணிகிறது. முன்கை போன்ற சமமான இடத்துக்கு ஷீட்தான் வசதி. தழும்பைவிட விரற்கடை அளவு பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் நான்கு மணி நேரம் போட்டு, தடிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு, மெல்ல 12 மணி நேரத்துக்குக் கொண்டுபோங்கள். தினமும் ஷீட்டையும் கையையும் மிதமான சோப்பில் கழுவ வேண்டும். ஒட்டும் தன்மை போகும்வரை அதே ஷீட்டைத் திரும்பத் திரும்பப் போடலாம், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் வரும். விலை கொஞ்சம் அதிகம்தான். குறைந்தது மூன்று மாதம் போட்டால்தான் பலன் தெரியும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். கீழே சமவெளியில் ஷீட்டுக்கு அடியில் வியர்த்து வேர்க்குரு வந்து, பாதியில் விட்டுவிடுவார்கள். மலையில் அந்தத் தொல்லை குறைவு.

எண்ணெய்ப் பசை இருந்தால் ஷீட் ஒட்டாது. அதனால் சாயங்காலம் மசாஜ், பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ராத்திரி சாப்பிட்டதும் ஷீட். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது எடுத்துவிடலாம். கணக்கும் 12 மணி நேரம் வந்துவிடும். சொறிவதும் தடுக்கப்படும்.

பகலில் வெயிலைக் கவனியுங்கள். குளிர்கிறது, பனிமூட்டம் வேறு, வெயில் என்ன செய்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், கோத்தகிரி அதைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு, அவ்வளவுதான். மெல்லிய மேகம் அந்தக் கதிரை நிறுத்துவதும் இல்லை. புதுத் தழும்பு வெயில் பட்டால் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு லேசில் போகாது. முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் சன்ஸ்கிரீன் செலவே மிச்சம். விளையாட்டுப் பீரியடில் கையைச் சுருட்டிக்கொள்வாள் என்றால், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் கிளம்பும் முன் தடவி விடுங்கள். கம்பளி ஸ்வெட்டர் நேரடியாகத் தழும்பில் உரசினால் அரிப்பு கூடும், உள்ளே பருத்திச் சட்டை இருக்கட்டும். குளிக்கக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பு போதும், துடைத்த ஈரத்தோடு எண்ணெய் தடவினால் இன்னும் நல்லது. அப்படியும் ராத்திரி அரிப்பால் தூக்கம் கெட்டால், அரிப்புக்கான மாத்திரையை மருத்துவரிடம் வயதுக்குத் தகுந்த அளவு கேட்டு வாங்குங்கள்.

மருந்துக்கடையில் 'சிவப்பு போகும், கறுப்பு போகும்' என்று ஏதாவது டியூபை நீட்டினால், அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேளுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருந்தால் வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பல கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு சொல்லியாயிற்று. ஆனாலும் விற்கிறார்கள். கண்டபடி தடவினால் சுற்றியுள்ள நல்ல தோல் மெலிந்து, நரம்பு தெரியும்.

நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்று: தழும்பு மணிக்கட்டையோ முழங்கை மடிப்பையோ தொடுகிறதா? தொட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். தழும்பு இறுகும்போது மூட்டையும் சேர்த்து இழுக்கும். இடது கை அளவுக்கு வலது கையை நீட்டவும் மடக்கவும் முடிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், இந்த வாரமே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பயிற்சி, மூட்டு மடங்கிவிடாமல் இரவில் கட்டும் பட்டை, தழும்பை அழுத்திப் பிடிக்கும் உறை எல்லாம் தேவைப்படலாம். அறுவைசிகிச்சை வரை போகும் என்றால் கோவை அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் சினிமாக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பார்ப்பதில் பெரும்பங்கு தீக்காயமும் விபத்தும்தான்.

மூட்டைத் தொடவில்லை என்றால், சிலிக்கானும் மசாஜும் மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டுப் பாருங்கள். தட்டையாகவில்லை என்றால் தோல் மருத்துவர் தழும்புக்குள்ளேயே டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை போடுவார். அளவோடு, இடம் பார்த்துப் போடுவதால் கிரீமின் ஆபத்து அதில் குறைவு. வலிக்கும் என்பதால் பத்து வயதுப் பிள்ளைக்குப் போடலாமா, லேசர் பார்க்கலாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் காலில் இருக்கும் கவாத்துக் கத்தித் தழும்பு பழையது என்கிறீர்கள். வெளுத்து, தட்டையாக, வலியில்லாமல் இருந்தால் அது முற்றி முடிந்துவிட்டது. அதற்கு எந்த எண்ணெயும் கிரீமும் எதுவும் செய்யாது, காசைக் கொட்டாதீர்கள். திடீரென்று அதில் ஆறாத புண் வந்தாலோ, வளரத் தொடங்கினாலோ மட்டும் காட்டுங்கள்.

மகளின் கையை மாதம் ஒரு தடவை, அதே ஜன்னலோரம், அதே நேரத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போனில் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மருத்துவரிடம் போகும்போது அந்தப் படங்களைக் காட்டினால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.