முதலில் சண்டை, அப்புறம்தான் சட்டம்

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். சமூக அறிவியல் என்றால் முழுக்க மனப்பாடம்தான். அரசு, சட்டம், வரலாற்றுச் சான்று என எதற்கும் வரையறையைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். அர்த்தம் கேட்டால் விழிக்கிறாள். வீட்டு வாழ்க்கையை வைத்தே சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். 'அப்பா பிரதமர், அம்மா நிதியமைச்சர்' என்று ஆரம்பித்தேன். மூன்றாவது நாளே, "அப்பாவுக்கு யார் ஓட்டுப் போட்டது?" என்று கேட்டுவிட்டாள். இதற்கென்றே ஆக்டிவிட்டி பாக்ஸ் விற்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: பாக்ஸ் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. அப்பாவை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அடுத்த தேர்தலில் மாற்றவும் முடியாது. வீட்டை நாடாக நடித்துக் காட்டினால் பிள்ளைக்கு நாடும் புரியாது, வீடும் புரியாது. வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் வைப்பது கடைசி வேலை. நம் பாடநூல்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: முதல் வரியிலேயே பெயர், இரண்டாம் வரியில் வரையறை, பாட முடிவில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக'.

டிவி ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. 'ஆளுக்கு அரை மணி நேரம்' என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அதை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். மூன்று நாள் கழித்துத் தம்பிக்குக் காய்ச்சல். இன்னொரு அரை மணி நேரம் வேண்டும் என்கிறான். அக்கா தாளைக் காட்டுகிறாள். உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருங்கள். காய்ச்சல்காரனுக்கு விலக்கு உண்டா? உண்டென்றால், காய்ச்சல் என்று யார் சொன்னால் போதும்? நாளைக்கு இவளும் தலைவலி என்றால்? முடிவு சொல்ல வேண்டிய அம்மாவுக்கே அந்த நேரத்தில் சீரியல் பார்க்க வேண்டியிருந்தால்? பிள்ளைகள் பேசி முடித்ததும் புது வரியை எழுதச் சொல்லுங்கள். பழைய வரியை அழிக்க வேண்டாம், அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டால் போதும். அப்புறம் சொல்லுங்கள்: "இதற்குப் பெயர்தான் சட்டத் திருத்தம்."

இதோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான். ஒப்பீடு எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதையும் சொல்ல வேண்டும். "வீட்டில் நான் நினைத்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போடலாம். நாட்டில் ஒருவர் நினைத்தால் அப்படிச் செய்ய முடியாது, முடியவும் கூடாது." இந்த இரண்டு வரியைப் பெரும்பாலான பெற்றோர் விட்டுவிடுகிறார்கள்.

வரலாற்றுக்குப் பாட்டி போதும்; பாட்டியின் தங்கையும் இருந்தால் இன்னும் நல்லது. இருவரும் அறிந்த ஒரு நாளைப் பற்றி, வீடு மாறிய நாள் என்று வைத்துக்கொள்வோம், தனித்தனியாகக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். ஒருவர் கொட்டுகிற மழை என்பார், இன்னொருவர் மண்டையைப் பிளக்கிற வெயில் என்பார். "யார் பொய் சொல்றாங்க?" என்று மகள் கேட்பாள். யாருமே பொய் சொல்லவில்லை. அந்த நாள் எடுத்த போட்டோ இருந்தால் தேடுங்கள். தரை ஈரமா, யார் கையிலாவது குடை இருக்கிறதா, பின்பக்கம் தேதி எழுதியிருக்கிறதா என்று அவளே பார்க்கட்டும். 'சான்று' என்ற சொல்லுக்கு அப்போதுதான் வேலை வருகிறது. காலத்துக்கு இன்னும் எளிய வழி: ஒரு தப்படி ஒரு ஆண்டு. அவளுக்கு 9 தப்படி, பாட்டிக்கு 65, வாசலைத் தாண்டிவிடுவாள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ராஜாவை எட்டிப் பிடிக்க அரைக் கிலோமீட்டராவது நடக்க வேண்டும்.

மாவட்டம், மாநிலம், நாடு எல்லாம் குழம்புகிறது என்றால் பயப்படாதீர்கள். ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே அதே நாட்டின் ஜெனீவா நகரப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்து 1951இல் எழுதியிருக்கிறார். 'நான் ஜெனீவாக்காரன், அப்படியிருக்க ஸ்விஸ்காரனாகவும் எப்படி இருக்க முடியும்?' என்பதுதான் சின்னப் பிள்ளைகள் பலரின் எண்ணம். ஜெனீவாவுக்கு ஒன்று, ஸ்விட்சர்லாந்துக்கு ஒன்று என வட்டம் போடச் சொன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகப் போடவில்லை. சகோதரன் உண்டா என்று கேட்டால் ஆம் என்கிற சிறுவன், அந்தச் சகோதரனுக்குச் சகோதரன் உண்டா என்றால் இல்லை என்பதையும் அவர்தான் காட்டினார். நம் மொழியில் அக்கா, தம்பி என்று உறவுக்கே வயதும் சேர்ந்து வருவதால் இது இன்னும் சுவாரசியம். ஆறு வயதுப் பெண்ணிடம், "உன் தம்பிக்கு அக்கா உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு 'இல்லை' என்று சொன்னாலும் சொல்வாள். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது. டப்பாவுக்குள் டப்பா போட்டுக் காட்டினால் பிடித்துக்கொள்வாள்.

அரசு வசூலிக்கிற வரியை மட்டும் வீட்டில் நடித்துக் காட்ட வேண்டாம். உண்டியலிலிருந்து பணத்தைப் பிடுங்கி 'இதுதான் வரி' என்றால், வரி என்றால் திருட்டு என்றுதான் பதியும்.

இப்போது பாக்ஸ். திறந்து பார்த்தவன் சொல்கிறேன்: அச்சடித்த குடும்ப மரம், ஸ்டிக்கர், 'எங்கள் வீட்டு விதிகள்' என்று முன்கூட்டியே எழுதிவைத்த பத்து விதிகள். விதியை அவர்களே எழுதிவிட்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம்? வகுப்பு வாட்ஸாப் குழுவில் முன்பதிவு லிங்க் போடுகிறவருக்கு அதில் பங்கு உண்டா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது குடும்ப மரம், எல்லாம் ஒரே அச்சு. மேல் கிளையில் இருப்பது யார் என்று ஒரு பையனைக் கேட்டேன். "தெரியாது சார், அப்பா எழுதினாரு" என்றான். முதல் பரிசு அவனுக்குத்தான் போயிற்று, என் மதிப்பெண்ணை மீறி. இன்னொரு பொறி, இலவசமாகக் குடும்ப மரம் வரைந்து தரும் இணையதளங்கள். அம்மா பிறந்த வீட்டுப் பெயர், எல்லோருடைய பிறந்த தேதி என வரிசையாகக் கேட்பார்கள். கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திறக்கச் சில இடங்களில் கேட்கப்படும் கேள்விகளிலும் இவை வருவதுண்டு. காகிதமும் பென்சிலும் போதும்.

குடும்ப மரம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் இல்லாமல் இருக்கலாம், ஆனால் உங்கள் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு இருக்கலாம். தத்தெடுக்கப்பட்ட குழந்தை, அப்பா விட்டுப்போன குழந்தை, அம்மாவை இழந்து சித்தியிடம் வளரும் குழந்தை: அச்சடித்த மரத்தில் இவர்களுக்கு ஒரு கட்டம் காலியாகவே நிற்கும். அந்தக் காலிக் கட்டத்தோடு வகுப்பின் முன் போய் நிற்க வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பணித்தாள் ஆண்டுதோறும் அப்படியே வருகிறது. ஆசிரியரிடம் பேசுங்கள். மரத்துக்குப் பதில், நடுவில் தன் பெயரை எழுதி, சுற்றிலும் காலையில் எழுப்புகிறவர், காய்ச்சலில் மருத்துவரிடம் கூட்டிப்போகிறவர், பயந்தால் போன் செய்கிற ஆள் என்று எழுதச் சொல்லலாம். ரத்த உறவா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழாது. குடும்பம் என்ன வேலை செய்கிறது என்பது இதில்தான் தெரியும். மரத்தில் யாருக்கு யார் பிறந்தார் என்பது மட்டும்தான் தெரியும். எழுதியதை வகுப்பில் சொல்லலாமா என்று பிள்ளையிடமும் பெரியவர்களிடமும் முன்பே கேட்டுவிட வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

தேர்வில் 'குடும்பம் என்பது சமூகத்தின் அடிப்படை அலகு' என்று எழுதினால்தான் இரண்டு மதிப்பெண் போடுவார்கள். சரி, அதை முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் செய்யட்டும். பாக்ஸுக்கு முன்பணம் ஏதும் கட்டியிருந்தால் இன்றைக்கே திரும்பக் கேளுங்கள்.