முதல் நாவலை எப்போது அச்சுக்குக் கொடுப்பது?

கேள்வி: மூன்று ஆண்டுகள் உழைத்து, என் முதல் நாவலைச் சென்ற மாதம் எழுதி முடித்தேன். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் அதைக் கொண்டுவர விரும்புகிறேன். நான் கவனிக்க வேண்டியவை எவை?
– வாசகி, விருதுநகர்

பதில்: அந்த ஜனவரியை முதலில் மறந்துவிடுங்கள். புத்தகக் காட்சியை ஒட்டி ஏராளமான நூல்கள் ஒரே சமயத்தில் அச்சேறுவதால், அந்த நெரிசலில் புதியவர் ஒருவரின் கைப்பிரதிக்கு இரண்டாம் முறை மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்த நேரம் கிடைப்பது அரிது. என் முதல் நாவல் அப்படித்தான் வெளிவந்தது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்ததை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியபோது பல இடங்களில் கொம்புகள் பக்கத்து எழுத்துக்கு நகர்ந்திருந்தன. ஏழாம் அத்தியாயத்தில் இறந்துபோன பாட்டி, பத்தொன்பதாம் அத்தியாயத்தில் திண்ணையில் அமர்ந்து பூக்கட்டினாள். இரண்டையும் நான் கண்டது, அச்சாகி வந்த பிரதியைப் பிரித்த அன்றுதான்.

அதைவிட என்னை வருத்திய பிழை வேறு. தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிய அந்த நாவலில், ஐப்பசி மாதத்தில் பெண்கள் உப்பு வாருவதாக ஒரு முழுக் காட்சியை, மிகுந்த ஆசையோடு, ஒன்பது பக்கங்களுக்கு எழுதியிருந்தேன். நூல் வெளிவந்த பிறகு, அளத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்த ஓர் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐப்பசி மழையில எந்த அளத்துல தம்பி உப்பு வாருவாங்க?" என்றார். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகளில் நீர் நின்று உப்பு விளைச்சல் ஓய்ந்துவிடும் என்பதும், வேலையின்றிக் கழியும் அந்த மாதங்களே அவர்களுக்குக் கொடியவை என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தன. நான் எழுதியிருக்க வேண்டிய அத்தியாயம் அதுவே.

ஆகவே, கைப்பிரதியை ஆறு மாதமாவது மூடி வையுங்கள். அதற்குள், இலக்கிய நண்பர்களுக்குக் காட்டுவதற்கு முன், உங்கள் கதை மாந்தரின் வாழ்க்கையை வாழ்ந்த ஒருவருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உரையாடல்களில் எங்கே உங்கள் நாக்கு இடறுகிறதோ, அங்கே பேசுவது அந்தப் பாத்திரம் அல்ல, நீங்கள்.

கேள்வி: என் நாவலை வெளியிடப் பதிப்பகம் ஒன்று பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பணம் கொடுத்துப் பதிப்பிப்பதில் இழிவு எதுவும் இல்லை, ஆனால் எத்தனை பிரதிகள் அச்சிடப்படும், விற்காதவை யாரிடம் இருக்கும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள். இந்தியாவில் அரசு அதனை இலவசமாகவே வழங்குகிறது. நூலின் உரிமை, எழுதியபோதே உங்களுடையதாகிவிட்டது. பதிவு செய்வது கட்டாயமில்லை. உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது காலத்தையும் எல்லையையும் குறிப்பிடாமல் விட்டால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அது 5 ஆண்டுகளுக்கு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். "எல்லா உரிமைகளும் நிரந்தரமாக" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். மறுத்தால் கைப்பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.