ஐவோ பிளை எங்கே போனார்?

கேள்வி: 1882-83-ல் ஆஸ்திரேலியா போன இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டன் ஐவோ பிளையைப் பற்றி எழுதுகிறேன். 1900-க்குப் பிறகு அந்தப் பெயரே அகப்படவில்லை. குலச்சின்னத்தோடு முழு வரலாறும் எடுத்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆள் தொலையவில்லை, பெயர்தான் மாறியது. கென்ட் மாவட்டம் கோபம் ஹால் (Cobham Hall) பண்ணைக்குச் சொந்தக்காரரான 6-ஆம் டார்ன்லி பிரபுவின் இளைய மகன் அவர். அதனால் ஸ்கோர்கார்டில் 'ஆனரபிள் ஐவோ பிளை'. 1900-ல் அண்ணன் இறந்ததும் இவர் 8-ஆம் டார்ன்லி பிரபு. அதன்பின் 'டார்ன்லி' என்றே தேட வேண்டும்.

அண்ணன் எட்வர்டும் கென்ட் அணிக்கு ஆடியவர்தான். ஆனால் மூத்த மகன் என்பதால், அப்பா உயிரோடு இருந்தவரை அவர் 'கிளிஃப்டன் பிரபு'. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். டார்ன்லி பட்டம் ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும். கிளிஃப்டன் பட்டம் பெண்ணுக்கும் போகும். எட்வர்ட் இறந்ததும் பெரிய பட்டம் தம்பிக்கு, கிளிஃப்டன் பட்டம் மகளுக்கு. ஆகவே 1900-க்குப் பிறகு 'கிளிஃப்டன்' என்று வந்தால் அது நம் ஐவோ அல்ல.

ஐவோவின் பிறப்பு 1859. இங்கிலாந்தின் பிறப்புப் பதிவேட்டு அட்டவணையில் பார்க்கலாம். திருமணத்தை அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1884-ல் ஆஸ்திரேலியாவில் சன்பரியில் ஃப்ளாரன்ஸ் மார்ஃபியை மணந்தார். விக்டோரியா மாநிலப் பதிவேட்டில் பாருங்கள்.

1858 முதலான உயில் பட்டியலை இங்கிலாந்து அரசின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். ஆனால் அந்தப் பட்டியல் இறந்த ஆண்டுப்படி அல்ல, உயில் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட ஆண்டுப்படி அமைந்தது! இறப்பு 1927, கிடைக்காவிட்டால் 1928-ஐயும் போட்டுப் பாருங்கள். 'டார்ன்லி', 'பிளை' இரண்டையும் கொடுங்கள். ஏஜென்ட் விற்பது இதே பட்டியலைத்தான். உயில் நகல் வேண்டுமானால் அரசுக் கட்டணத்தை நீங்களே நேரடியாகக் கட்டிவிடலாம்.

குலச்சின்னம் சுத்த ஏமாற்று. கேடயச் சின்னம் குறிப்பிட்ட மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. 'பிளை' என்ற பெயர் உள்ள எல்லோருக்கும் பொதுவான சின்னம் எதுவும் கிடையாது. பண்ணைக் கணக்குகளும் கடிதங்களும் வேண்டுமென்றால் மெட்வே ஆவணக் காப்பகத்தில் டார்ன்லி தொகுப்பைக் கேட்டு எழுதுங்கள்.