ரத்த ரிப்போர்ட் நார்மல் என்றால் பையனும் நார்மலா?

கேள்வி: மகனுக்கு 14 வயது. இரண்டு பருவமாக அப்பாவோடு வயலில் பூச்சிமருந்து அடிக்கப் போகிறான். அடித்த அன்று தலைவலி, குமட்டல். படிப்பில் மனம் நிற்பதில்லை. கூடப் படிக்கும் பையன்களுக்குக் குரல் உடைந்துவிட்டது, இவனுக்கு இல்லை. கோலினெஸ்டரேஸ் ரிப்போர்ட் நார்மல். உடம்பில் ஏறிய நஞ்சை இறக்கும் பவுடர் ஒன்றைப் பூச்சிமருந்துக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படியொரு பவுடரே கிடையாது. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் இனப் பூச்சிமருந்துகளில் பெரும்பகுதி சில நாளில் சிறுநீரோடு தானே போய்விடும். தங்குவது, அது நரம்பில் செய்துவிட்டுப் போன வேலை. அதைப் பவுடர் தொடாது. நஞ்சை விற்பவரே முறிவும் விற்றால் அவருக்கு இருபக்கமும் லாபம், அவ்வளவுதான்.

அந்த ‘நார்மல்’ ரிப்போர்ட்டையும் நம்பி உட்காராதீர்கள். கோலினெஸ்டரேஸ் என்பது நரம்புகள் சரியாக இயங்க உதவும் ஒரு நொதி; ஆர்கனோபாஸ்பேட் அதைத்தான் முடக்கும். இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். இயல்பில் மேல்வரம்பில் இருப்பவனுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் தாளில் நார்மல் என்றே அச்சாகும். பருவம் தொடங்கும் முன்பே ஒருமுறை பார்த்து வைத்திருக்க வேண்டும். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது ஒரே வழி: 60 நாள் வயல் பக்கமே விடாதீர்கள். பிறகு அதே லேபில், சிவப்பணு கோலினெஸ்டரேஸ் என்று கேட்டு எடுங்கள். அதுதான் அவனுடைய சொந்த அளவு. பழைய சிவப்பணு அளவு அதைவிட 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைவாக இருந்தால், அன்று மருந்து அவனைப் பிடித்திருந்தது என்று அர்த்தம்.

பல லேபில் சிவப்பணுவில் பார்க்காமல், ரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள சீரம் கோலினெஸ்டரேஸ் மட்டும் எடுப்பார்கள். அதில் ஒரு சிக்கல். சில குடும்பங்களில் அது பிறவியிலேயே குறைவு. மருந்தே தொடாதவருக்கும் குறைவாகவே வரும். ஒரு தொந்தரவும் இருக்காது. கல்லீரல் கோளாறிலும் சத்துக்குறைவிலும்கூட இறங்கும். 60 நாள் கழித்தும் ஏறவில்லையென்றால் பெற்றோருக்கும் எடுத்துப் பாருங்கள். பிறவிக்குறைவு என்று தெரிந்தால் குறித்து வையுங்கள்: அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் என்ற மருந்து கொடுத்தால் தசைத்தளர்ச்சி நீண்டு மூச்சு திரும்பத் தாமதமாகும். மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அடித்தது பைரெத்ராய்டு, நியோநிக்கோடினாய்டு போன்ற வேறு இனப் பூச்சிமருந்து என்றால் இந்தப் பரிசோதனை எதையும் காட்டாது. மருத்துவரிடம் போகும்போது லேபிளைப் படமெடுத்துப் போங்கள். அவருக்கு வேண்டியது பிராண்ட் பெயர் அல்ல, உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயர். அதைத்தான் எறும்பு எழுத்தில் அச்சடிக்கிறார்கள்.

குரல் உடைவது பருவமடைதலின் பிந்தைய கட்டம். முதல் அடையாளம் விதை பெரிதாவது. 4 மில்லி அளவை எட்டினால் தொடங்கிவிட்டது. 14 வயது ஆகியும் தொடங்கவில்லையென்றால் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி (ஹார்மோன்) மருத்துவரிடம் காட்டுங்கள். அப்பா எந்த வயதில் வளர்ந்தார் என்று கேட்பார். எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க மணிக்கட்டு எக்ஸ்ரே எடுப்பார். பெரும்பாலும் குடும்பவாகுதான் காரணம். காசர்கோட்டில் எண்டோசல்பான் தெளித்த பகுதிச் சிறுவர்களுக்குப் பருவம் தாமதமானதை 2003 ஆய்வு காட்டியது. ஆனால் அது வேறு இன மருந்து. அதை வைத்து இங்கே தீர்ப்பு எழுத முடியாது. ஹார்மோன் ஊசிக்கு அவசரப்படாதீர்கள்.

கவனக்குறைவைத்தான் நான் பெரிதாக எடுப்பேன். எகிப்தின் பருத்தி வயல்களில் குளோர்பைரிபாஸ் அடித்த பதின்வயதினர் நினைவாற்றல், வேகச் சோதனைகளில் பின்தங்கினார்கள். தெளிப்பு முடிந்து மாதங்கள் ஆகியும் அது முழுதாகச் சரியாகவில்லை. அபாயகரமான வேலைக்கு 18 வயது என்று 1973-லேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 138-வது உடன்படிக்கை சொல்லிவிட்டது. சட்டப்படி இவன் வயலில் இல்லை. ஆகவே இவனைச் சோதிக்கவும் ஆளில்லை.

முகமூடி கட்டி அனுப்பலாமே என்பார்கள். மருந்து அதிகம் ஏறுவது தோல் வழியாக. பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்தை வைத்துச் செய்த பழைய சோதனையில் முன்கை வழியே ஏறியது சுமார் 9 சதவீதம், நெற்றியில் 36, விதைப்பையில் கிட்டத்தட்ட முழுவதும். தெளிப்பான் மூடியின் வாஷர் தேய்ந்து முதுகில் ஒழுகினால் அது இடுப்புக்குக் கீழேதான் இறங்கும். நனைந்தால் உடனே கால்சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். இது அப்பாவுக்கும்தான், அவர் உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். தெளிப்பானின் முனையிலுள்ள நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது.

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் வழிந்து, மூச்சு இழுத்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலும் வேண்டாம். லேபிளோடு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.