சிபில் ஸ்கோரே இல்லை, முதல் கார்டு எப்படி வாங்குவது?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 23. கைக்கு வரும் சம்பளம் 24,000 ரூபாய். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே கிரெடிட் கார்டு கேட்டேன். ஸ்கோர் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். மால் வாசலில் நிற்கும் ஏஜென்ட் ஒருவர் வேறு வங்கிக் கார்டு வாங்கித் தருகிறேன் என்கிறார். 'மினிமம் மட்டும் கட்டு, கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் ஸ்கோர் ஏறும்' என்கிறாள் கூட வேலை பார்க்கும் தோழி. அப்பாவுக்குக் கார்டு என்றாலே பயம். அண்ணன் வைத்த கார்டு பாக்கியை அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் அடைத்தோம். நான்கைந்து வருடத்தில் அப்பாவோடு சேர்ந்து வீட்டுக்கடன் வாங்க ஆசை. எனக்குக் கார்டு தேவையா?

பதில்: கார்டு இல்லாமலும் வீட்டுக்கடன் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்பே உங்கள் பெயரில் ஒழுங்கான கடன் வரலாறு இருந்தால் வங்கியிடம் பேச வசதியாக இருக்கும். பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்கு, ஒரு ரூபாய் வட்டி இல்லாமல் அந்த வரலாற்றை உண்டாக்கித் தருவது கார்டுதான். அதனால் வாங்கலாம் என்பதே என் கருத்து. உங்கள் அப்பாவின் பயமும் நியாயமானது. அது எந்த இடத்தில் உண்மையாகிறது என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில், ஸ்கோர் இல்லை என்பதும் ஸ்கோர் மோசம் என்பதும் ஒன்றல்ல. சிபில் ஸ்கோர் என்பது நீங்கள் கடனை எப்படிக் கையாண்டீர்கள் என்பதற்குத் தரும் மதிப்பெண். அது 300 முதல் 900 வரை போகும். இதுவரை கடனே வாங்காதவருக்கு அந்த இடத்தில் எண் இருக்காது, 'என்.எச்.' என்று இருக்கும். வரலாறு இல்லை, அவ்வளவுதான். முதன்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆனாலும் கார்டு தருவதா வேண்டாமா என்பது கடைசியில் வங்கியின் முடிவு. அதனால் அங்கே மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கார்டு கேட்கும் முன் உங்கள் கடன் ரிப்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்க சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கல்லூரி நாளில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று ஏதாவது ஆப்பில் வாங்கியிருந்தால் அதுகூடக் கடனாகப் பதிவாகியிருக்கலாம். கல்விக்கடன் இருந்தால் அதுவும் உங்கள் பெயரில் இருக்கும்.

சரி, கார்டுக்கு வருவோம். உங்களுக்குப் பொருத்தமானது ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கார்டு. 25,000 ரூபாய் டெபாசிட் போட்டால், வங்கியைப் பொறுத்து அதில் 80, 90 சதவீதம்வரை லிமிட், அதாவது கார்டில் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை, கிடைக்கும். 20,000 என்று வைத்துக்கொள்வோம். டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது. பணத்துக்கு ஈடு இருப்பதால் ஸ்கோர் இல்லாதவருக்கும் வங்கி தயங்காமல் தருகிறது. மற்றக் கார்டுகளைப் போலவே இதுவும் சிபிலில் பதிவாகும். ஆறு மாதம் ஒழுங்காகப் போனால் பொதுவாக ஒரு ஸ்கோர் வந்துவிடும். லிமிட் சின்னதாக இருப்பது முதல் கார்டுக்கு நல்லதுதான். ஆண்டுக் கட்டணம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது உங்கள் தோழி சொன்ன மினிமம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

மே 10 அன்று 18,000 ரூபாய்க்கு போன் வாங்குகிறீர்கள். ஜூன் 5 பில் வருகிறது. கடைசி நாள் ஜூன் 25. மொத்தத் தொகை 18,000, அதற்குக் கீழே மினிமம், அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை, 900. ஜூன் 25 அன்று 18,000 கட்டினால் 46 நாள் வட்டியே இல்லாமல் வங்கிப் பணத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். 900 மட்டும் கட்டினால், விட்ட பாக்கிக்கு மட்டும்தான் வட்டி, அதுவும் ஜூன் 25-லிருந்துதான் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. போன் வாங்கிய மே 10-லிருந்தே வட்டி ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம், ஜூன் 24 வரை முழு 18,000-க்கு சுமார் 953 ரூபாய். அப்புறம் ஜூலை 5 வரை 17,100-க்கு 216 ரூபாய். இந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 210. ஜூலை பில்லில் நிற்கும் தொகை ஏறத்தாழ 18,480. கையிலிருந்து 900 கொடுத்த பிறகும் போனின் விலையைவிட 480 ரூபாய் அதிகமாகக் கடன் நிற்கிறது.

இதோடு முடியவில்லை. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்று மளிகை வாங்கினால் இன்றிலிருந்தே வட்டி. உங்கள் அண்ணன் ஊதாரியாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாதாமாதம் மினிமம் கட்டுகிறோமே என்று நிம்மதியாக இருந்திருந்தாலே அந்த நிலைக்கு வந்திருக்கலாம். மினிமம் மட்டும் கட்டினால் கடன் அடைய மாதங்கள், வருடங்கள் ஆகும் என்ற எச்சரிக்கையைப் பில்லிலேயே போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பொடி எழுத்தில் இருக்கும். தேடிப் படியுங்கள்.

பாக்கி வைத்தால்தான் ஸ்கோர் ஏறும் என்பது சுத்தமாகத் தவறு. ஸ்கோருக்கு முக்கியம் இரண்டு: தவணை தவறாதது, லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பது. முப்பது சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 20,000 லிமிட்டில் 6,000. ரீசார்ஜ், கரண்ட் பில், மாத மளிகை போதும். ஒரு மாதம் பெரிதாக ஏதாவது வாங்க வேண்டிவந்தால், பில் வருமுன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வங்கிகள் விவரம் அனுப்ப வேண்டும் என்பதால், நல்லதும் கெட்டதும் சீக்கிரமே ரிப்போர்ட்டில் ஏறிவிடுகிறது.

கார்டு கைக்கு வந்த அன்றே ஆட்டோபே வையுங்கள். அந்தத் திரையில் இரண்டு தேர்வு இருக்கும்: மொத்தத் தொகை, மினிமம் தொகை. அவசரத்தில் மினிமத்தைத் தட்டிவிட்டு, பில் தானாகக் கட்டப்படுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. மொத்தத் தொகை என்று இருக்கிறதா என்று இரண்டுமுறை பாருங்கள். சம்பளம் வருமுன் கடைசி நாள் வந்தால், பில் சுழற்சியை மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். அது உங்கள் உரிமை. கடைசி நாள் தாண்டி மூன்று நாளுக்குமேல் போனால்தான் தாமதம் என்று பதியவும் அபராதம் போடவும் முடியும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த மூன்று நாளை அவசரத்துக்கு விட்டுவையுங்கள்.

கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, தனியாகக் கட்டணம். வட்டியில்லா இஎம்ஐ என்று வந்தால் பிராசஸிங் கட்டணமும் ஜிஎஸ்டியும் எவ்வளவு என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் அணைத்து வையுங்கள். பணம் களவுபோனால் உடனே வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள்.

மால் ஏஜென்டை விட்டுவிடுங்கள். அவர் நான்கு வங்கியில் விண்ணப்பம் போட்டால், நான்கு வங்கிகளும் உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிய விசாரணைப் பதிவு அதில் ஏறும். ஆதார், பான் நகல்களும் யார் யார் கைக்கோ போகும். ஏற்கெனவே கொடுத்திருந்து, நீங்கள் கேட்காத கார்டு வந்தால் ஓடிபி சொல்லி ஆக்டிவேட் செய்யாதீர்கள். முப்பது நாளுக்குள் ஆக்டிவேட் ஆகாவிட்டால், வங்கி உங்களிடம் ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் கட்டணமின்றி கணக்கை மூட வேண்டும்.

வீட்டுக்கடனில் உங்களோடு கையெழுத்துப் போடும் அப்பாவின் ரிப்போர்ட்டையும் வங்கி பார்க்கும். அவர் யாருக்காவது ஜாமீன் போட்டிருந்தால் அதுவும் அதில் தெரியும். இப்போதே அவருடையதையும் எடுத்துப் பாருங்கள். அடைத்துவிட்ட கடன் ஏதாவது இன்னும் பாக்கி என்று நின்றால் திருத்தம் கேளுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடனுக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதம் புதிய கார்டு எதற்கும் போகாதீர்கள். முதல் கார்டையும் அந்த நேரத்தில் மூடிவிட வேண்டாம், உங்கள் வரலாற்றில் பழையது அதுதான்.