பழைய கணினியின் குட்டி இயங்குதளத்தில் நெட்வொர்க் சேர்ப்பது ஏன் சிரமம்?

நெட்வொர்க் சேர்ப்பது என்றால், இணையத்தின் பேச்சுமுறையான டிசிபி/ஐபியை அந்த இயங்குதளத்துக்குக் கற்றுக்கொடுப்பது. நெட்வொர்க் அட்டையைச் செருகுவது பாதி வேலைகூட இல்லை. அது பொட்டலங்களை (தகவலைத் துண்டு துண்டாகக் கட்டியவை) வாங்கும், அனுப்பும், அவ்வளவுதான். தொலைந்ததைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்புவது மென்பொருளின் பாடு.

சிக்கல் நினைவகத்தில். ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வரும்வரை, அனுப்பியதற்கெல்லாம் நகல் வைத்திருக்க வேண்டும். ஒரு பொட்டலமே 1,500 பைட் வரை போகும். கமோடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் மொத்த நினைவகமே 64 கேபி (சுமார் 65,000 பைட்).

ஆடம் டங்கல்ஸ் 2003-இல் வெளியிட்ட கான்டிகி என்ற குட்டி இயங்குதளம் இதைச் சமாளித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதிலுள்ள யுஐபி என்ற டிசிபி/ஐபி மென்பொருள் நகலே வைப்பதில்லை. பொட்டலம் தொலைந்தால், ‘அதையே மறுபடி தயாரித்துக் கொடு’ என்று அதை அனுப்பிய நிரலிடமே கேட்கும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒற்றை ஆள் நடத்தும் ஒட்டுக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஆர்டருக்கு ஒரு ரொட்டி சானாய் கூடுதலாகச் சுட்டு அடுக்க இடமில்லை, கைதவறி விழுந்தால் அண்ணன் மாவை எடுத்து இன்னொன்று வீசிப் போடுவார். கொஞ்சம் தாமதம், ஆனால் கடை ஓடும்.

நெட்வொர்க் வந்துவிட்டால் இன்றைய தளமெல்லாம் திறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான தளங்கள் கேட்கும் எச்டிடிபிஎஸ் மறையாக்கம் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் கணக்கு) கமோடோரின் 1 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்குத் தாங்காது, டெல்நெட், ஐஆர்சி போன்ற எழுத்துவழிச் சேவைகள்தான் அதற்குச் சரி.